காசு வர முதல்: வன்னியில் சங்கங்களுக்கும் கொடைக் குடும்பங்களுக்கும் ஆலோசனை சொல்லப் போகிறவர்களுக்கு

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். வீதியோரம் வெள்ளை மதில், நீலக் கேற், வாசலில் கறுப்புக் கல்லில் ஒரு அம்மாவின் பெயரும் அவர் பிறந்த, இறந்த திகதிகளும். உள்ளே வடிவான முன்பள்ளிக் கட்டடம். இன்றைக்குப் போய் யன்னலால் எட்டிப் பார்த்தால் சங்கத்தின் பிளாஸ்டிக் கதிரைகள், கலியாண வீட்டுக்கு வாடகைக்குப் போகும் கிடாரங்கள், சுருட்டி வைத்த தறப்பாள். பிள்ளைகள் இல்லை.

அது எழும்பியபோது குடும்பத்துக்கும் சங்கத்துக்கும் நடுவில் நின்று ஆலோசனை சொன்னவன் நான். அத்திவாரம் சரி, கூரை சரி, கிணறும் சரி. ரீச்சருக்கு மாதாமாதம் யார் காசு கொடுப்பது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. சங்கம் கொடுக்கும் என்று குடும்பம் நினைத்தது. ‘இவ்வளவு செய்தவை, அதையும் செய்வினம்தானே’ என்று சங்கம் நினைத்தது. கல்வித் திணைக்களத்திலிருந்து ஏதாவது கொடுப்பனவு வரும் என்று நான் நினைத்தேன். வந்தது பஸ் காசுக்கே காணவில்லை. சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இயங்கிய முன்பள்ளிகளில் ஆசிரியைகளுக்கு ஒழுங்கான மாதச் சம்பளம் கிடைத்த காலம் அது. பதினான்காம் மாதம் எங்கள் ரீச்சரும் அங்கே போய்விட்டா. யார்தான் குறை சொல்ல முடியும்?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்தவர்கள், நிறுவனங்களில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்கள், ஓய்வு பெற்ற அதிபர்கள். உங்களைத் தேடி இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒன்று, ஊர்ச் சங்கத்தின் நிர்வாக சபை. மற்றது, ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ இருந்துகொண்டு ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் குடும்பம். இரண்டு பக்கத்துக்கும் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்றுதான்: யார் எதை முடிவெடுப்பது என்பதைக் காசு வர முதல் கதைத்து எழுத வைப்பது. காசு வந்த பிறகு அந்தக் கதையைத் தொடங்கினால் அது சண்டையாகத்தான் முடியும்.

முதலில்: நீங்கள் யாருடைய ஆள்?

குடும்பம் உங்களுக்குக் காசு தருகிறது, நீங்கள் சங்கத்தோடு இருந்து வேலை செய்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் யாருடைய ஆள்? இதை முதல் நாளே ஒரு பக்கக் கடிதமாக எழுதுங்கள். யார் உங்களுக்குக் கொடுப்பது, எத்தனை நாள் வேலை, உங்கள் அறிக்கையை யார் யார் பார்க்கலாம். கடிதத்தின் பிரதி மற்றப் பக்கத்துக்கும் போக வேண்டும். ‘குடும்பம்தான் எனக்குச் சம்பளம் தருகிறது, ஆனால் உங்களைப் பற்றி அவர்களுக்கு எழுதுவதை முதலில் உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன்’ என்று நான் சங்கத்துக்குச் சொல்வதுண்டு. பாதிச் சந்தேகம் அங்கேயே போய்விடும்.

கூலியை நாள் கணக்கில் பேசுங்கள். வருகிற நன்கொடையில் இத்தனை வீதம் என்று பேசாதீர்கள். வீதத்துக்கு வேலை செய்கிற ஆள், ‘இந்தச் சங்கத்துக்கு இவ்வளவு காசு வேண்டாம்’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். ஹாட்வெயார்க் கடை முதலாளி மோட்டார் சைக்கிள் ரயர் போட்டுத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். கிளிநொச்சி ஒன்றும் பெரிய பட்டினம் இல்லை. நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர முதலே கதை போய்விடும்.

இன்னொன்று. நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர் என்றால் இரணைமடுத் தண்ணீர்க் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு வாருங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். ‘எங்கள் சிறுபோகம் என்ன ஆகும்?’ என்று விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் வழிக்குப் போக வேண்டி வந்தது. வெளியே இருந்து வந்தவர்கள் மேசையில் வரைபடத்தை விரிக்கும்போது இங்குள்ளவர்கள் முகம் ஏன் மாறுகிறது என்பது அப்போது உங்களுக்கு விளங்கும்.

அடுத்தது: மூன்று புத்தகம்

முதல் தரம் சங்கத்துக்குப் போகும்போது லப்டொப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். தேத்தண்ணி வரும், குடியுங்கள். பிறகு மூன்று புத்தகத்தைக் கேளுங்கள்: கூட்டறிக்கைப் புத்தகம், காசேடு, வங்கிப் புத்தகம். பெரும்பாலும் முதல் இரண்டும் சி.ஆர். கொப்பிகளாக இருக்கும்.

கூட்டறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வாசியுங்கள். கடைசி வருடாந்தப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது? வந்தவர்களின் கையெழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதா, அல்லது ஒரே பேனாவில் ஒரே சாய்வில் நாற்பது பேர் ஒப்பமிட்டிருக்கிறார்களா? ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற வரி எல்லாப் பக்கத்திலும் வருகிறதா? உண்மையாகக் கூடிக் கதைக்கிற சங்கத்தில் எங்காவது ஒரு இடத்தில் ‘இதற்கு மூவர் எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்று இருக்கும். அந்த வரியைக் கண்டால் எனக்குச் சந்தோசம்.

காசேட்டில் பிழை கண்டவுடன் ஆளைப் பிடிக்கப் போகாதீர்கள். மல்லாவிப் பக்கம் ஒரு மாதர் சங்கத்தில் காசேடு எட்டு மாதமாக எழுதப்படவில்லை. குடும்பத்தின் ஆள் ஒருவர் என்னோடு வந்திருந்தார், அவருடைய முகம் கறுத்துவிட்டது. தனாதிகாரி அக்கா ஒன்றும் சொல்லாமல் எழும்பி உள்ளே போய் ஒரு பெரிய பால்மாப் பேணியைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தார். பற்றுச்சீட்டுகள். ஒவ்வொரு மாதமும் தனித்தனியாக இறப்பர் பான்ட் போட்டுக் கட்டியபடி, பஸ் ரிக்கெற் வரை. மழைக்கு வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது கொப்பி நனைந்துவிட்டதாம், பேணி மிதந்ததாம். நாங்கள் மூன்று பேருமாக இருந்து பின்னேரம் வரை எழுதினோம். கணக்கு நூற்றிருபது ரூபாயில் உதைத்தது, அவ்வளவுதான். கொப்பி ஒழுங்காக இருந்து பற்றுச்சீட்டே இல்லாத சங்கங்களையும் கண்டிருக்கிறேன். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ்?

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் வேகமாகக் கடந்து போகக் கூடாது.

கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் பதியப்படுபவை. பிரதேச செயலகத்தில் அதற்கென்று ஓர் உத்தியோகத்தர் இருப்பார். கமக்கார அமைப்புகள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருபவை. கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூட்டுறவு ஆணையாளர். தன்னார்வச் சமூக சேவை நிறுவனங்களுக்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம். பெரிய அளவில், பல மாவட்டங்களில் வேலை செய்ய நினைப்பவர்கள் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதிகிறார்கள். நம்பிக்கைப் பொறுப்பு (trust) அமைக்க 1917 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இவை எல்லாவற்றிலும் வேறுபட்டது. அங்கே அதிபர்தான் தலைவர், கல்வி அமைச்சின் சுற்றறிக்கைதான் யாப்பு.

குடும்பங்கள் எடுத்தவுடன் ‘எங்கள் அப்பாவின் பெயரில் ஒரு பவுண்டேசன் பதியலாமா?’ என்று கேட்கும். என் பதில் பெரும்பாலும் ‘இப்ப வேண்டாம்’. வருடம் இரண்டு மூன்று இலட்சம் ரூபாய் கொடுக்கிற குடும்பத்துக்குக் கம்பனி ஒன்றின் கணக்காய்வுச் செலவும் பதிவாளருக்கு வருடாவருடம் அனுப்ப வேண்டிய படிவமும் வீண் தலையிடி. அதோடு, அரச சார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடையில் 3 வீதத்தை வருமானமாகக் கருதி வரி விதிக்கும் ஏற்பாடு 2017 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் இருக்கிறது. ஏற்கெனவே பதிந்து ஒழுங்காக நடக்கிற ஊர்ச் சங்கம் ஒன்றோடு மூன்று வருடம் சேர்ந்து வேலை செய்து பாருங்கள் என்பேன். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பதியலாம். மூன்று வருடத்துக்குப் பிறகு வந்து கேட்டவர்கள் குறைவு.

சபையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை

வன்னியில் ஒரு சபையைப் பார்த்தால் சில முகங்கள் நிச்சயம் இருக்கும். இருபது வருடத் தலைவர், அனேகமாக ஓய்வு பெற்ற மாஸ்டர். கூட்டத்துக்கு வராத போஷகர். எல்லா வேலையும் செய்யும், ஆனால் வாய் திறக்காத செயலாளர் பிள்ளை. தலைவரின் மருமகன், உள்ளகக் கணக்காய்வாளர் என்ற பதவியில்.

மருமகனைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். சரிதான். ஆனால் கூட்டத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். முதல் நாள் பின்னேரம் தலைவர் வீட்டுக்குப் போங்கள்.

‘மாஸ்டர், இந்த வருசம் பொதுக்கூட்டம் வைப்பமே?’

‘வைச்சென்ன தம்பி, திரும்பவும் என்னைத்தானே போடப்போறாங்கள்.’

‘போடட்டும் மாஸ்டர். கணக்குப் பார்க்க மட்டும் வெளியால ஒரு ஆளைப் போடுவம். நாளைக்கு ஆரும் ஒரு கதை சொன்னா உங்களுக்குத்தானே மரியாதைக் குறைவு.’

இப்படித்தான் நான் ஒரு இடத்தில் தொடங்கினேன். அடுத்த நாள் கூட்டத்தில் அந்த யோசனையை மாஸ்டரே முன்மொழிந்தார், தன் யோசனை மாதிரி. நல்லது, அது அவருடையதாகவே இருக்கட்டும்.

சபையில் இல்லாதவர்களைப் பார்ப்பதுதான் கடினமான வேலை. இந்த மண்ணில் ஒரே ஊருக்குள் பல வரலாறு இருக்கிறது. குளத்தை நம்பி வந்த குடியேற்றத் திட்டத்துக்காரர், பழைய வன்னிக் குடும்பங்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள். வவுனியாவைத் தளமாகக் கொண்டு கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் என்ற அமைப்பு அப்போது அந்த மக்களைக் குடியேற்றி அவர்களுக்குள் முன்பள்ளிகளும் நடத்தியது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் ஊரின் ஓரத்தில், காணி உறுதி இல்லாமல், சபையிலும் இல்லாமல் இருப்பதைப் பல இடத்தில் காணலாம். சாதியும் அப்படித்தான், ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 2009 க்குப் பிறகு தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பெருந்தொகை. அவர்கள் பயனாளிப் பட்டியலில் இருப்பார்கள், சபையில் இருக்க மாட்டார்கள்.

அதற்கு நான் செய்வது இது. விதானையாரிடம் கேட்டு ஊரின் ஒழுங்கைகளை ஒரு தாளில் கீறிக்கொள்வேன். சபை உறுப்பினர்களின் வீடுகளுக்கு ஒவ்வொரு புள்ளி வைப்பேன். புள்ளியே விழாத ஒழுங்கைக்கு நடந்து போவேன். அங்கே ஒரு அம்மாவிடம், ‘சங்கக் கூட்டம் எப்ப நடக்கும் எண்டு உங்களுக்கு ஆர் சொல்லுறது?’ என்று கேட்டால் போதும். பெரும்பாலும் சிரிப்புத்தான் பதிலாக வரும்.

கூட்ட நாளையும் பாருங்கள். பெரும்போக விதைப்பு நேரமும் அரிவு வெட்டு நேரமும் வேண்டாம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் கிழமையில் ஒருவரும் வர மாட்டார்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வைத்தால் பெண்கள் வர முடியாது.

குடும்பத்தோடு கதைப்பது

சங்கத்தை விடக் குடும்பம் சிக்கலானது. நான் கொஞ்சம் பிந்தித்தான் இதை விளங்கிக்கொண்டேன். ஐந்து சகோதரங்கள், நான்கு நாடு, ஒரு வட்ஸ்அப் குழு. காசு அதிகம் போடுகிறவர் கனடாவில், குரல் அதிகம் உள்ளவர் லண்டனில், உண்மையாக வேலை செய்யப் போகிறவர் பரந்தனில் இருக்கும் கடைசித் தம்பி. அவரை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு முன் ஏதாவது செய்து முடிக்க வேண்டும் என்று அவசரம் வேறு.

எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூமில் இருத்துங்கள். இங்கே இரவு எட்டு மணி என்றால் லண்டனில் பகல், ரொறன்ரோவில் காலை, எல்லோருக்கும் சரிவரும். ஐந்து கேள்வி கேளுங்கள், பதிலை நீங்களே எழுதுங்கள். வருடம் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு? ஒருவர் நிறுத்தினால் மற்றவர்கள் என்ன செய்வீர்கள்? என்ன முடிவுகளைச் சங்கம் தானாக எடுக்கலாம்? இங்குள்ள தம்பி உங்கள் பிரதிநிதியா, இல்லை வெறும் தகவல் சொல்பவரா? பிழைத்துப்போனால் அதை யாருக்குச் சொல்வது?

நான்காவது கேள்வியில் அனேகமாக ஓர் அமைதி விழும். அந்த அமைதியை நீங்கள் நிரப்பப் போகாதீர்கள், விட்டுவிடுங்கள். ஒருமுறை அந்தத் தம்பியே அமைதியைக் கலைத்தார்: ‘அக்கா, நான் சங்கத்தில ஒரு உறுப்பினர். உங்கட ஆளாயும் இருக்க ஏலாது.’ பத்து வருடமாக அவர் மனதில் வைத்திருந்ததாம்.

அவர்கள் நாட்டுச் சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் தொண்டு நிறுவனமாகச் சேர்த்த காசு வருடத்துக்கு 5,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாக அறக்கொடை ஆணைக்குழுவில் பதிய வேண்டும். வரித் திணைக்களமும் அதை ஏற்றுக்கொண்டபின், வரி கட்டுகிற ஒருவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் வரி மீளப் பெறலாம். ஆனால் வெளிநாட்டில் காசு எப்படிச் செலவானது என்பதற்கு அறங்காவலர்கள்தான் பொறுப்பு. கனடாவில் பதிந்த தொண்டு நிறுவனம் முன்பெல்லாம் வெளிநாட்டு வேலையைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டில் நடத்த வேண்டியிருந்தது. 2022 இல் சட்டத்தை மாற்றி, பொறுப்புக்கூறும் ஒழுங்கோடு வெளிநாட்டுச் சங்கங்களுக்கு நேரே மானியம் கொடுக்கவும் இடம் வைத்தார்கள். இரண்டு நாட்டுக்கும் வேண்டியது கடைசியில் ஒன்றுதான்: கடதாசி. பேணிக்குள் இருக்கும் பற்றுச்சீட்டு லண்டன் வரை போக வேண்டும்.

நான் பார்த்த வரையில் குடும்பங்கள் ஊருக்கு வருவது ஜூலை, ஓகஸ்டில், அங்கே பள்ளி விடுமுறை. அந்த நேரம் வன்னி காய்ந்து புழுதி பறக்கும். கிணறு வற்றியிருக்கும். அதனால் வருகிற யோசனை எல்லாம் குழாய்க்கிணறு. கார்த்திகை, மார்கழியில் அதே ஒழுங்கையில் முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதை அவர்கள் ஒருநாளும் கண்டிருக்க மாட்டார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தின் படங்களை நான் போனில் வைத்திருக்கிறேன். ஓகஸ்டில் எடுத்துக் காட்டுவதற்காக.

பெயர்ப்பலகை, படம் என்ற இரண்டு விசயத்தையும் இந்தக் கூட்டத்திலேயே முடித்துவிடுங்கள். பெயர் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அம்மாவின் பெயர் தானே. துவிச்சக்கரவண்டியைப் பிடித்தபடி ஒரு பிள்ளை, பக்கத்தில் கொடுத்தவர்கள் நால்வர் என்ற படத்துக்குத்தான் ஆட்சேபம். அந்தப் பிள்ளை அடுத்த நாள் வகுப்பில் இருக்க வேண்டும். வண்டியின் படம் போதும், பிள்ளையின் முகம் வேண்டாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது

கட்டடம் என்றால் முதலில் காணி. வன்னியில் பெரும்பகுதி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டது. ‘எங்கட காணியில ஒரு துண்டு தாறன், கட்டுங்கோ’ என்று ஒருவர் நல்ல மனதோடு சொல்வார். அனுமதிப்பத்திரக் காணியை அப்படிக் கையால் கிள்ளிக் கொடுக்க முடியாது. நீங்கள் கட்டும் கட்டடம் நாளைக்கு அவருடைய பின்னுரித்தாளரின் வளவுக்குள் நிற்கும். உறுதிக் காணியா, பத்திரக் காணியா என்பதைப் பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் போய்ப் பாருங்கள். பொதுத் தேவைக்கு ஒதுக்கிய காணி என்றால் அந்த ஒதுக்கீட்டுக் கடிதத்தின் பிரதி கைக்கு வந்த பிறகுதான் அத்திவாரம் வெட்ட வேண்டும். திறப்பு விழாத் திகதி முதலில், காணிக் கடிதம் பிறகு என்ற ஒழுங்கில் நடந்த எதுவும் நல்லபடி முடிந்ததை நான் காணவில்லை.

பிறகு, நடத்தும் செலவு. கட்டடத்துக்கு ஒரு ரூபாய் என்றால் அதை ஐந்து வருடம் நடத்த எவ்வளவு என்று அதே தாளில் பக்கத்தில் எழுத வேண்டும். ரீச்சர், கரண்ட் பில், கூட்டித் துடைக்கிற அம்மா, உடையும் ஓடு. அந்த இரண்டாவது தொகையைக் குடும்பம் ஏற்காவிட்டால் முதலாவதையும் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதை வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

ஒருவர் கட்டிய காசை அடுத்தவருக்குக் கொடுக்கும் சுழற்சிக் கடன் என்று யாராவது தொடங்கினால் மெதுவாகப் போங்கள். போருக்குப் பிறகு நுண்கடன் கம்பனிகள் வீடு வீடாக வந்து கிழமைக் கட்டுக்காசு வாங்கிய கதை இங்கே எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறது. வறட்சி மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களுக்கு 2018 இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. நல்ல மனதோடு தொடங்கும் சங்கக் கடனும் கட்டத் தவறிய வீட்டின் முன் சங்கத் தலைவி போய் நிற்கும் நாளில் ஊரை இரண்டாக்கும். தையல் மெசினுக்கும் இதே பதில்தான். ஊரில் ஏற்கெனவே எத்தனை மெசின் மூலையில் சேலை போர்த்தி இருக்கிறது என்று எண்ணிவிட்டு அடுத்ததை வாங்குங்கள்.

காசு வரும் வழி

வங்கி மட்டும். சங்கத்தின் பெயரில் உள்ள கணக்கு, இரண்டு பேர் ஒப்பமிடுவது, அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரராக இல்லாமல் இருப்பது. வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் கைமாற்றும் உண்டியலில் அனுப்பினால் நாலு காசு கூடக் கிடைக்கும் என்று குடும்பத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார். உண்டியல் காசுக்குத் தடயம் இல்லை. இங்கே விசாரித்தாலும் பதில் இல்லை, அங்கே கணக்கில் காட்டவும் இல்லை. தலைவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்புவதும் அப்படித்தான், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நல்லவர் செத்துப்போனால் கணக்கு அவருடைய பிள்ளைகளுக்கு.

அனுப்புவது வெளிநாட்டு அமைப்பு ஒன்று என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. 2012 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ் தடைசெய்யப்பட்ட ஆட்கள், அமைப்புகளின் பட்டியல் வர்த்தமானியில் வரும். 2014 இல் புலம்பெயர் அமைப்புகள் பல அதில் சேர்ந்தன, பிறகு சில நீக்கப்பட்டன, 2021 இல் திரும்பவும் சேர்க்கப்பட்டன. அந்தப் பட்டியலின் புதிய பிரதியைப் பார்க்காமல் காசு வாங்க விடாதீர்கள். மாட்டுப்படுவது ஊர்த் தனாதிகாரி அக்காதான், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இல்லை. கூட்டம் நடக்கும்போது யாராவது வந்து என்ன ஏது என்று விசாரித்தால் பதிவுச் சான்றிதழும் கூட்டறிக்கையும் மேசையில் இருக்கட்டும். விதானையாருக்கும் பிரதேச செயலகத்துக்கும் முதலே எழுத்தில் அறிவித்திருந்தால் அரைவாசித் தொல்லை குறையும்.

தொகையை மூன்று துண்டாகப் பிரியுங்கள். முதல் துண்டின் கணக்கு வந்த பிறகு இரண்டாவது. ஒப்பந்தத்தை ரூபாயில் எழுதுவதா, பவுண்டிலா என்பதையும் கதைத்து முடிவெடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், சில வாரத்தில் 300 ஐத் தாண்டியது. குடும்பம் சந்தோசப்பட்டது, அதே டொலருக்குக் கூடுதல் ரூபாய் என்று. சீமெந்துப் பையின் விலை அதைவிட வேகமாக ஓடியது. பாதியில் நின்ற சுவர்களை அந்த வருடம் ஏ9 வீதியால் போகும்போதே காணக்கூடியதாக இருந்தது.

செலவு அதிகாரத்தை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டச் சொல்லுவேன். பத்தாயிரம் ரூபாய் வரை தலைவரும் தனாதிகாரியும், ஐம்பதாயிரம் வரை நிர்வாக சபை, அதற்கு மேலே பொதுக்கூட்டம், மூன்று விலைக்கோரலோடு. தொகை ஊருக்கு ஊர் மாறலாம். தாள் ஒட்டியிருக்க வேண்டும்.

வேலை தொடங்கிய பிறகு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்க அறிக்கை போதும். என்ன செய்ய நினைத்தோம், என்ன நடந்தது, எவ்வளவு செலவு, எது பிழைத்தது. கடைசி வரியை வெறுமையாக விட்டு வரும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். குடும்பத்துக்கும் முதலே சொல்லி வையுங்கள்: பிழை எழுதி வந்தால் கோபித்துக் காசை நிறுத்தக் கூடாது. ஒருமுறை நிறுத்தினால் பிறகு வாழ்நாளில் உங்களுக்கு உண்மை வராது. கோழிக்குஞ்சு இருநூறில் நூற்றெண்பது செத்துப்போனதாக ஒரு சங்கம் எழுதி அனுப்பியது. கனடாவிலிருந்த மூத்த அக்கா எடுத்து முதலில் கேட்டது, ‘வக்சின் போட்டவையோ?’ அப்படிப்பட்ட ஆள் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

நீங்கள் விலகும் நாளையும் முதல் கடிதத்திலேயே போடுங்கள். இரண்டு வருடம், அவ்வளவுதான். அதற்கு மேல் இருந்தால் குடும்பம் சங்கத்தோடு நேரே கதைக்கப் பழகாது. விலகும்போது காணிக் கடிதம், வங்கி ஒப்பக்காரரின் பெயர்கள், குடும்பத்தின் ஐந்து பதில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் இரண்டு பிரதியாகப் போட்டு ஒன்றைத் தனாதிகாரியிடம், ஒன்றைக் குடும்பத்திடம் கொடுங்கள். உங்கள் போனில் மட்டும் இருக்கும் தகவல் எதுவும் இருக்கக் கூடாது.

அந்த நீலக் கேற் முன்பள்ளிச் சங்கத்துக்கு இந்த வருடம் புதுச் செயலாளர். போன மாதம் எடுத்தா. கதிரைகளைப் பொதுநோக்கு மண்டபத்துக்கு மாற்றிவிட்டுத் திரும்பப் பிள்ளைகளை இருத்தலாமா, குடும்பத்தோடு கதைக்க முடியுமா என்று கேட்டா. ரீச்சருக்கு மாதம் எவ்வளவு, அதில் ஊர் எவ்வளவு போடும் என்று எழுதி எடுத்துக்கொண்டு வாங்கோ, பிறகு லண்டனுக்கு எடுப்பம் என்றேன். இன்னும் வரவில்லை. அரிவு வெட்டு நேரம்.